ஆறு அங்குலப் பலகை

அந்தப் பலகையின் நீளம் இரண்டடி இரண்டு அங்குலம். அகலம் ஒரு அடி. உயரம் சரியாக ஆறு அங்குலம். அதை நான் மூன்று முறை அளந்திருக்கிறேன். முதல் முறை சும்மா, மற்ற இரண்டு முறையும் தேவைப்பட்டு.

பலகை எங்கள் அலுவலகத்தின் மூத்த வரைவாளருடையது. எங்களுடையது கட்டட வடிவமைப்பு அலுவலகம். மொத்தம் ஏழு பேர். எந்த வரைபடம் எந்தத் தேதியில் வெளியே போயிற்று, எப்போது திரும்பி வந்தது, என்ன திருத்தம், யார் கையெழுத்து என்று பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. ஆகையால் கீழே வரும் தேதிகளும் அளவுகளும் சரியானவை. பேச்சுகளை நினைவிலிருந்து எழுதுகிறேன். அதில் ஒன்றிரண்டு வார்த்தை முன்பின் இருக்கலாம்.

வரைவாளரின் உயரம் நாலடி எட்டு அங்குலம். இருபத்திரண்டாவது வயதில் வேலைக்கு வந்தார், இப்போது நாற்பத்து நாலு. வந்த புதிதில் அவருக்கு 'முக்கால்' என்று பெயர் வைத்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஒரு நாள் அவரே தொலைபேசியை எடுத்து, "முக்கால்தான் பேசுறேன், சொல்லுங்க" என்றார். அன்றோடு கேலி செய்தவர்களுக்கு ருசி போய்விட்டது, பெயர் மட்டும் நின்றது.

வரைமேசை உயரமானவர்களுக்காகச் செய்தது. அதை மாற்றித் தரும்படி அவர் ஒரு முறை கேட்டார். ஆகட்டும் என்றார்கள், ஆகவில்லை. அவரே ஒரு பலகை கொண்டுவந்து மேசை முன்னால் போட்டு ஏறி நின்றுகொண்டார். இருபத்திரண்டு வருஷம் அதன்மேல் நின்றுதான் வேலை செய்தார். மற்றவர்கள் வரைந்ததைப் பிரதி எடுத்தார், பிறகு கணினியில் வரைந்தார், பிறகு முப்பரிமாண மாதிரிகள் செய்தார். இரண்டு வருஷம் முன்பு மெய்நிகர்க் கண்ணாடி வாங்கினோம். அதைத் தலையில் மாட்டி, அதன் கைப்பிடியைக் கையில் பிடித்துக்கொண்டால் இன்னும் கட்டாத கட்டடத்துக்குள் நடந்து பார்க்கலாம். நிமிர்ந்தால் கூரை, குனிந்தால் தரை, திரும்பினால் ஜன்னல். மற்றவர்கள் நாலு நாள் விளையாடிவிட்டு வைத்துவிட்டார்கள். அவர் மட்டும் அதன் கையேட்டை அச்செடுத்து, தைத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார்.

அவருக்கு ஒரு அண்ணன். ஐந்தடி பதினோரு அங்குலம். "அம்மா எல்லா உசரத்தையும் எனக்கே போட்டுட்டு, மிச்சம் மீதியில இவளைச் செஞ்சுட்டா" என்பது அண்ணனின் நிரந்தர வசனம். பதினாலாம் நம்பர் பஸ்ஸில் கண்டக்டர். நாலு வருஷம் முன்பு படியிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. எழுபத்தேழு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். படுக்கை முதல் மாடியில், ஜன்னலோரம். ஆனால் ஜன்னல் திண்டு மூன்றடி உயரத்தில் இருந்தது. படுத்தவர் கண்ணுக்கு எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியும் அதன்மேல் வானமும்தான் தெரியும்.

"நம்ம பஸ்ஸு தினம் கீழதான் போவுது. ஹாரன் கேக்குது. எந்த டிரைவர்னுகூட ஹாரனை வெச்சே சொல்லிடுவேன். பாக்கத்தான் முடியல" என்றாராம் ஒரு நாள். எதற்கும் கிண்டல் செய்கிற மனிதர் அன்று கிண்டல் செய்யவில்லை. தங்கை பைக்குள்ளிருந்த டேப்பை எடுத்துத் திண்டை அளந்தார், கட்டிலை அளந்தார், படுத்திருந்த அண்ணனின் கண் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்தார். இரண்டடி எட்டு அங்குலம். நர்ஸுகள் நின்று எழுதும் கவுன்டரையும் விடவில்லை. அது மூன்றடி ஆறு.

அதே ஆஸ்பத்திரி அதே சாலையைப் பார்த்து முதல் மாடியில் புது எலும்பு வார்டு கட்ட எங்களிடம் வந்தபோது, அவர் எங்கள் ஆர்க்கிடெக்ட் முன் போய் நின்றார்.

"சார், வார்டு ஜன்னலை மட்டும் நான் போடறேன்."

ஆர்க்கிடெக்ட் நிமிர்ந்தார். "ஜன்னலை மட்டும்னா?"

"ஜன்னலை மட்டும்தான். மத்தது எல்லாம் உங்க இஷ்டம்."

"என் ஆபீஸ்ல என் இஷ்டத்துக்கு அனுமதி குடுத்ததுக்கு ரொம்ப நன்றி" என்றார் அவர். ஆனால் கொடுத்தார்.

வரைவாளர் வரைந்த ஜன்னலின் திண்டு இரண்டடி. பிப்ரவரி 10 அன்று ஆஸ்பத்திரிக் கமிட்டி அதைக் காகிதத்தில் பார்த்தது. கமிட்டித் தலைவர் எலும்பு டாக்டர். "ரெண்டடியா? நோயாளி நேரா ரோட்டுல போய் உக்காந்துக்குவான். மூணடி போடுங்க" என்றார். எங்கள் வரைவாளர், "ஒரு தடவை உள்ள வந்து பாத்துட்டுச் சொல்லுங்க டாக்டர்" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

மார்ச் 3, செவ்வாய், காலை 11.20. டாக்டரும் வார்டின் தலைமை நர்ஸும் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, ஒருவர் பின் ஒருவராகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இல்லாத வார்டில் நடந்தார்கள். டாக்டர் ஜன்னலருகே போனார். கையை நீட்டி இல்லாத திண்டைத் தடவினார்.

"பேப்பர்ல பயமா இருந்தது. நேர்ல நல்லாத்தானே இருக்கு! போதுமான உயரம் இருக்கே."

தலைமை நர்ஸும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். 11.50க்குக் கையெழுத்து ஆயிற்று. வரைபட எண் 417, திருத்தம் இல்லை. அன்று வரைவாளர் பலகையிலிருந்து இறங்கும்போது குதித்து இறங்கினார். அப்படி அவர் இறங்கி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பதினோரு நாள் கழித்து, மார்ச் 14, சனிக்கிழமை பிற்பகல், அண்ணன் வந்தார். இப்போது ஊன்றுகோல், வேலை பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளர். பஸ் வருகிற நேரம், போகிற நேரம் எழுதும் வேலை என்பதால் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகும்.

"உன் ஆஸ்பத்திரியைக் காட்டுறேன் காட்டுறேன்னு சொல்லிட்டே இருக்க. காட்டு, பாப்போம்" என்றார். கண்ணாடியை மாட்டியதும், "குதிரைக்குக் கட்டுற மாதிரி இருக்கே. புல்லும் போடுவியா?"

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா நடண்ணே. எதிர்ல கவுன்டர் இருக்கு, பாரு."

அவர் பார்த்தார். ஊன்றுகோலை மாற்றிப் பிடித்தார். சிரிக்க ஆரம்பித்தார்.

"அடியே, என்னைக் குள்ளமாக்கிட்டியே! இப்பத்தான் தெரியுது, நீ இந்த உலகத்தை எப்படி அண்ணாந்து பாக்குறேன்னு."

"என்ன உளறுற?"

"கவுன்டர் நெஞ்சுக்கு வருதுடி. பழைய வார்டுல கடைசி பதினஞ்சு நாளும் அந்தக் கவுன்டரைப் பிடிச்சுக்கிட்டுத்தானே நடக்கப் பழகினேன்? அது என் இடுப்புக்கு வரும். இது என்ன, ஏணி போட்டு எழுதுவாங்களா நர்ஸுங்க?"

தங்கையும் சிரித்தார். பாதிச் சிரிப்பில் நிறுத்திவிட்டார். மாதிரியில் இருந்த கவுன்டர் பழைய வார்டில் அவரே அளந்தது. மூன்றடி ஆறு. அது ஒருவர் இடுப்பிலிருந்து நெஞ்சுக்கு ஏற வழியில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கண்ணாடி ஒவ்வொரு அறையிலும் முதலில், "தரை எங்கே? கைப்பிடியால் தொட்டுக் காட்டு" என்று கேட்கும். தொட்ட இடத்தைத் தரை என்று நினைவில் வைத்துக்கொண்டு, அதிலிருந்துதான் எல்லா உயரமும் கணக்கிடும். மார்ச் 2 மாலை 5.10க்கு மென்பொருள் புதுப்பிக்கப்பட்டது, அறையின் அளவுகள் மறுபடி எடுக்கப்பட்டன என்று என் பதிவேட்டில் இருக்கிறது. எடுத்தவர் வரைவாளர். அவர் குனிந்து, தன் காலடியில் இருந்த தரையைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். இருபத்திரண்டு வருஷமாக அந்த அறையில் அவர் காலுக்குத் தரையாக இருந்தது பலகை.

அதன்மேல் நின்று அவர் பார்த்தபோதெல்லாம் எல்லாம் சரியாகவே இருந்தது. நிஜத் தரையில் நின்ற மற்றவர்கள் எல்லோரும் மாதிரிக்குள் கணுக்காலுக்கு மேல்வரை புதைந்து நின்றிருக்கிறார்கள். டாக்டருக்கு இரண்டடித் திண்டு இரண்டரை அடியாகத் தெரிந்திருக்கிறது.

வரைவாளர் கைப்பிடியை நிஜத் தரையில் வைத்தார். திரை, கழித்தல் ஆறு அங்குலம் என்று காட்டியது. இரண்டாம் முறையாக நான் பலகையை அளந்தது அப்போதுதான். அவர் அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, மூணாம் தேதி காட்டினப்போ தரை எதுன்னு எழுதியிருக்கீங்களா?"

"தரைக்குப் பத்தி இல்லையேம்மா" என்றேன்.

"இனிமே ஒண்ணு போட்டுடுங்க."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "சரி, இப்ப என்ன? ரெண்டடிக்கு ஒத்துக்கிட்டாங்க இல்ல? கையெழுத்தும் ஆச்சு. வாயை மூடிட்டுக் கட்டு. யாருக்குத் தெரியப் போவுது?"

"அவங்க பாத்தது ரெண்டரை அடிண்ணே. இல்லாத ஜன்னலுக்குக் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"சொன்னா மூணடி ஆக்கிடுவாங்கடி."

"ஆக்குவாங்க."

"மறுபடியும் அந்தத் தண்ணித் தொட்டியா?"

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "உங்கிட்ட வந்து சிரிச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றார்.

திங்கட்கிழமை காலை 9.05க்கு வரைவாளர் ஆர்க்கிடெக்டிடம் போய்ச் சொன்னார். அறைக் கதவு மூடியிருந்தும் வெளியே நன்றாகக் கேட்டது.

"வியாழக்கிழமை ஜன்னல் மட்டத்துக்குக் கட்டு வேலை வருதும்மா! இப்ப வந்து தரை தப்புங்கிறீங்க! ஆறு அங்குலம்தானே, விடுங்க!"

"சார், போன வருஷம் அரை அங்குலத்துக்கு ஒரு சுவரையே இடிக்கச் சொன்னது நீங்கதான்."

9.20க்கு ஆர்க்கிடெக்ட் கமிட்டிக்குத் தொலைபேசி செய்தார். மறுநாளே வருவதாகச் சொன்னார்கள்.

மார்ச் 17, செவ்வாய், காலை 10.30. டாக்டரும் தலைமை நர்ஸும் உள்ளே வந்தபோது மேசை நடுவில் பலகை இருந்தது. வரைவாளர் வெறும் தரையில் நின்றிருந்தார். மேசைக்கு மேலே அவருடைய தோளும் தலையும் மட்டும்தான் தெரிந்தன. அவர் சுற்றி வளைக்கவில்லை.

"போன தடவை உங்களுக்குக் காட்டினது தப்பு டாக்டர். இந்தப் பலகையைத் தரைன்னு குறிச்சுட்டேன். ஜன்னல் ஆறு அங்குலம் கூடுதலாத் தெரிஞ்சிருக்கும். தப்பு என்னுது. இப்ப சரி பண்ணியாச்சு, மறுபடி பாருங்க."

டாக்டர் பார்த்தார். ஜன்னலருகே போனவர் ஓரடி பின்வாங்கினார். "இது முட்டிக்குக் கொஞ்சம் மேலதான் வருது. முடியவே முடியாது. மூணடிக்கு மாத்திடுங்க."

ஆர்க்கிடெக்ட் பேனாவை எடுத்துவிட்டார்.

"மாத்தறதுக்கு முன்னாடி ஒரே ஒரு நிமிஷம்" என்றார் வரைவாளர். "நீங்க நின்னுக்கிட்டுப் பாக்கறீங்க டாக்டர். இந்த ஜன்னல் நிக்கிறவங்களுக்கு இல்லை."

அறையின் மூலையில் ஒரு பெஞ்சு போட்டிருந்தார். அதன் உயரம் ஒன்றரை அடி. மேசையிலிருந்த பலகையை எடுத்து அதன் தலைமாட்டில் வைத்தார். ஒன்றரையும் அரையும் இரண்டடி, கட்டில் மட்டம். அதன்மேல் ஒரு துண்டை நாலாக மடித்துப் போட்டார். அங்கே தலை வைத்தால் கண் இரண்டடி எட்டு அங்குலத்தில் இருக்கும். அதற்காகத்தான் காலையில் மூன்றாம் முறை பலகையை அளந்தேன்.

"படுங்க டாக்டர்."

"நானா?"

"டாக்டரைப் படுக்கச் சொல்ல இத்தனை வருஷத்துல யாருக்கும் தைரியம் வரல" என்றார் தலைமை நர்ஸ். "படுங்க டாக்டர், ஊசி எல்லாம் போட மாட்டோம்."

டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தார். "தலையணை கல்லு மாதிரி இருக்கே."

"உங்க வார்டுலயும் அப்படித்தான் டாக்டர்" என்றார் நர்ஸ்.

வரைவாளர் கண்ணாடியை மாட்டிவிட்டார். டாக்டர் பார்ப்பது எங்களுக்கும் சுவர்த் திரையில் தெரிந்தது. ஜன்னல் கண்ணிலிருந்து நாலடி தூரத்தில். முதலில் வரைவாளர் திண்டை மூன்றடிக்கு வைத்தார்.

"என்ன தெரியுது டாக்டர்?"

"வானம். ஒரு தண்ணித் தொட்டி."

"இப்ப ரெண்டரை அடி."

"அதே தொட்டி. கீழ மொட்டை மாடி. துணி காயுது."

"இப்ப ரெண்டடி."

எதிர்வரிசைக் கடைகளின் பெயர்ப் பலகைகள் தெரிந்தன. இடது ஓரத்திலிருந்து ஒரு பஸ் வந்தது. அதன் ஜன்னல்கள் தெரிந்தன, ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. அது மெல்ல ஜன்னலைக் கடந்து போயிற்று. ஒரு நிமிஷம் கழித்து மறுபடி வந்தது. அந்தப் பஸ்ஸை மாதிரிக்குள் வைத்தது ஞாயிற்றுக்கிழமை. நிறமும் எண்ணும் சரியில்லை என்று அண்ணன் ஐந்து முறை திருத்தச் சொன்னாராம்.

"பதினாலாம் நம்பர்" என்றார் டாக்டர்.

அவர் எழவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்: நாலு நிமிஷம். பஸ் நாலு முறை போயிற்று. பிறகு கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார்:

"இருபத்தாறு வருஷமா ஆளுங்களைப் படுக்க வெச்சுக்கிட்டிருக்கேன். ஒரு நாள்கூட நான் படுத்துப் பாத்ததில்லை."

"எந்திரிங்க டாக்டர், அடுத்த பேஷன்டுக்கு பெட் வேணும்" என்று அவரை எழுப்பிவிட்டுத் தலைமை நர்ஸ் படுத்தார். அவர் ஒன்றரை நிமிஷம்தான் பார்த்தார். எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார்.

"பார்வை எல்லாம் சரி. விழுந்தா பதில் சொல்ல வேண்டியது நான்தான். அதுக்கு என்ன வெச்சிருக்கீங்க?"

வரைவாளரின் முகம் மலர்ந்தது. அந்தக் கேள்விக்காக அவர் காத்திருந்தது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"ரெண்டடியிலேருந்து மூணரை அடி வரைக்கும் திறக்காத கண்ணாடி, சிஸ்டர். கெட்டிக் கண்ணாடி. திறக்கிற கதவு அதுக்கு மேலதான். மூணரை அடியில குறுக்கே ஒரு கம்பி."

"கம்பி சுவர் முழுக்க ஓடுமா?"

"ஜன்னலுக்கு மட்டும்தான் போட்டிருக்கேன்."

"முழுக்க ஓட விடுங்க. நடக்கப் பழகறவங்க எல்லாம் என் கவுன்டரைப் பிடிச்சுக்கிட்டு உயிரை எடுக்கறாங்க. அவங்க ரோட்டைப் பாத்துக்கிட்டே கம்பியைப் பிடிச்சு நடக்கட்டும்."

டாக்டர் பேனாவைக் கேட்டார். ஆர்க்கிடெக்ட் தன் கையிலிருந்ததைக் கொடுத்தார். மணி 11.15. வரைபட எண் 417, திருத்தம் 1: திறக்காத கண்ணாடி, கம்பி. திண்டு உயரம்: இரண்டடி, மாற்றமில்லை. தரை: தரை.

கமிட்டி போனபின் ஆர்க்கிடெக்ட் வரைபடத்தை மேசையில் விரித்தார். அதன் கீழ் மூலையில் 'வடிவமைப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. இருபத்திரண்டு வருஷமாக அதில் ஒரே பெயர்தான். அவர் அதை அடித்துவிட்டு வரைவாளரின் பெயரை எழுதினார். "ஜன்னலை மட்டும்னு சொல்லிட்டு, கடைசியில என் பேரையும் சேர்த்து எடுத்துட்டீங்க" என்றார். பிறகு, "அந்த மேசைக் காலை வெட்டிக் குறைக்க ஆள் வரச் சொல்லியிருக்கேன்" என்றார்.

"இருபத்திரண்டு வருஷம் கழிச்சா? இருக்கட்டும் சார், பலகை பழகிடுச்சு" என்றார் அவர். ஆனால் தச்சர் வந்தார், மேசை ஆறு அங்குலம் குறைந்தது. மற்ற ஆறு பேரும் இப்போது குனிந்து முதுகைப் பிடித்துக்கொள்கிறோம்.

வார்டு அடுத்த ஆண்டு ஜனவரி 25, திங்கட்கிழமை திறந்தது. பன்னிரண்டு படுக்கை, ஆறு ஜன்னல். பத்து நாள் கழித்து, கம்பியின் உயரத்தை ஒரு முறை சரிபார்க்க வேண்டும் என்று வரைவாளர் கிளம்பினார். நானும் பதிவேட்டோடு போனேன். அண்ணனும் ஊன்றுகோலோடு கூட வந்தார். கம்பி மூன்றடி ஆறு. சரியாக இருந்தது. ஒரு கிழவர் அதைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடி அடிமேல் அடி வைத்துப் போய்க்கொண்டிருந்தார்.

மூன்றாம் படுக்கையில் ஒரு லாரி டிரைவர் காலைத் தூக்கிக் கட்டியபடி படுத்திருந்தார். ஐந்தாம் படுக்கைக்காரரோடு அவருக்கு ஏதோ வாக்குவாதம். அண்ணனின் சட்டைப் பையில் இருந்த பஸ் நிலைய அடையாள அட்டையைப் பார்த்ததும் இருவரும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள்.

"நீங்க பஸ் நிலையமா? நல்ல வேளை வந்தீங்க. பதினாலாம் நம்பர் நேத்து சாயங்காலம் ஆறு நிமிஷம் லேட்டு. இன்னைக்குக் காலையில நாலு நிமிஷம். என்ன நடக்குது அங்க?"

"நாங்க படுத்துக்கிட்டுத்தான் இருக்கோம், தூங்கல" என்றார் ஐந்தாம் படுக்கை.

அண்ணன் தங்கையைப் பார்த்தார். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்ப்பதுபோல நின்றிருந்தார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

"பாத்தியா, உன்னால எனக்கு வந்த வேலையை?" என்றார் அண்ணன். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து நோட்டை எடுத்தார். "சொல்லுங்க சார். நேத்து எத்தனை மணிக்கு வந்துச்சு? நிமிஷத்தோட சொல்லுங்க."